மர உச்சியில் வாழும் இலைத்தவளையும் அதன் நஞ்சும்

அமேசான் மழைக்காட்டின் மர உச்சிகளில் வாழும், பச்சை முதுகும் விலாவில் வெண்புள்ளிகளும் கொண்ட பெரிய தவளை ஒன்று கொடிய விஷமுடையது என்கிறார்களே, அதைத் தொட்டாலே உயிர் போய்விடுமா, அவ்வளவு உயரத்தில் ஒதுங்கி வாழும் பிராணிக்கு நஞ்சு எதற்கு, அந்த நஞ்சையே சிலர் மருந்தென்று உடம்பில் ஏற்றிக்கொள்வது உண்மையா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். தொட்டால் உயிர் போகாது. உடம்பில் ஏற்றிக்கொள்வது உண்மைதான். நடுவில் உள்ள கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் காரணம் தானே விளங்கிவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஃபில்லோமெடுசா பைகலர் என்ற இனத்துக்குப் பொருந்துகின்றன. டச்சு இயற்கையியலாளர் பீட்டர் போடார்ட் 1772இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். 'பைகலர்' என்பதற்கு இருநிறத்தது என்று பொருள். முதுகின் பச்சையும் வயிற்றின் வெளிறிய நிறமும் சந்திக்கும் விளிம்பில் கருவளையமிட்ட வெண்புள்ளிகள் வரிசையாக நிற்கும். பெண் தவளை 12 செ.மீ. நீளத்தை நெருங்கும்; ஆண் 10 செ.மீ. அளவில் நின்றுவிடும். பிரேசில், பெரு, கொலம்பியா, பொலிவியா, வெனிசுவேலா ஆகிய நாடுகளின் அமேசான் பகுதிகளிலும் கயானா நிலப்பகுதியிலும் இது பரவியிருக்கிறது. பெருங்குரங்குத் தவளை என்றும் பெரிய இலைத்தவளை என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இங்கே இலைத்தவளை என்றே குறிப்பிடுகிறேன்.

விஷத்தவளை என்றவுடன் பெரும்பாலோரின் மனத்தில் எழும் படம் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் பளபளக்கும் சிறிய அம்புத் தவளைகளே அவை. அவற்றில் மிகக் கொடியதான ஃபில்லோபேட்டஸ் டெரிபிலிஸ் கொலம்பியாவின் பசிபிக் கரையோரத் தாழ்நிலக் காட்டில் வாழ்கிறது. 1978இல்தான் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அதன் தோலில் உள்ள பேட்ரகோடாக்சின், நரம்பிலும் தசையிலும் சோடியம் நுழையும் வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுவதால் இதயம் தாளம் தவறி நின்றுபோகிறது. எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவியது இந்தத் தவளையின் நஞ்சையும் இதன் நெருங்கிய உறவினங்களின் நஞ்சையும்தான். ஆனால் அது மர உச்சியில் வாழ்வதில்லை. பகலில் தரையில் திரியும் தவளை. தன் நஞ்சைத் தானே செய்துகொள்வதுமில்லை. தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து நஞ்சைத் தோலில் சேர்த்துக்கொள்கிறது என்பதால், கூண்டில் பிறந்து வேறு இரை தின்று வளரும் அம்புத் தவளைக்கு நஞ்சே இருப்பதில்லை. இலைத்தவளையின் நிலை இதற்கு நேர் எதிரானது. அதன் நஞ்சு புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளால் ஆனது. அவற்றைச் செய்வதற்கான குறிப்பு அதன் மரபணுக்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எதைத் தின்றாலும், எங்கே வளர்ந்தாலும், நஞ்சு இருக்கும்.

இனி அது வாழும் இடத்துக்கு வருவோம். அமேசான் காட்டில் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, தரையிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 40 மீட்டர் உயரத்தில் ஒரு பந்தல்போல் விரிந்திருக்கின்றன. அதைக் காட்டு விதானம் என்று அழைக்கிறோம். மழைக்காடு என்ற சொல்லைக் கேட்டு அங்கே எப்போதும் ஈரம் சொட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அடியில் இருட்டும் ஈரமும் கட்டிக்கிடக்கும் அதே நண்பகலில் விதானத்தின் மேல்புறத்தில் வெயில் சுட்டெரிக்கும், காற்று வீசும், ஈரப்பதம் இறங்கும். தோல் வழியே நீரை இழக்கும் தவளைக்கு அது எளிய இடமன்று. இந்தப் பேரினத்தில் பலவும் இத்தகைய வறட்சிக்கு வியப்பான தீர்வுகளைக் கண்டிருக்கின்றன. அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் பரந்துள்ள சாகோ வறள்காட்டில் வாழும் ஃபில்லோமெடுசா சவாகி, தோல் சுரக்கும் மெழுகுபோன்ற கொழுப்பைக் கைகால்களால் உடல் முழுதும் துடைத்துப் பூசிக்கொண்டு, ஒரு பல்லியின் அளவுக்கே நீரை இழக்கிறது. கழிவையும் யூரியாவாக அன்றிப் பறவைகளைப் போல யூரிக் அமிலமாக வெளியேற்றி நீரைச் சேமிக்கிறது. நமது இலைத்தவளை பகலில் கைகால்களை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, கண்களை மூடி, கிளையில் ஓர் இலையைப் போல ஒட்டிக் கிடக்கும். இரவில்தான் விழித்து இரை தேடும்.

அதன் நடையைப் பார்த்தவர்களுக்குக் 'குரங்குத் தவளை' என்ற பெயரின் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கையிலும் காலிலும் முதல் விரல் மற்ற விரல்களுக்கு எதிர்ப்புறமாக மடங்கும். அதனால் நமது கட்டைவிரலைப் போலக் கிளையைச் சுற்றிப் பிடிக்க முடிகிறது. தாவுவதை அது விரும்புவதில்லை. ஒரு கையை நீட்டிக் கிளையைப் பற்றி, மறுகையை எடுத்து, பின் காலை நகர்த்தி, அவசரமே இல்லாமல் நடக்கும். கையில் எடுத்தால்கூடத் திமிறி ஓடாமல் மெல்ல ஏறிப் போக முயலும்.

முட்டையிடும் காலத்தில் மட்டும் அது விதானத்தைவிட்டு இறங்கியாக வேண்டும். காட்டுக் குட்டை ஒன்றின் மேல் தொங்கும் கிளையைத் தேர்ந்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓர் இலையைப் புனல்போல் மடித்து, அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டு, கூழ்போன்ற பொருளால் இலையின் ஓரங்களை ஒட்டிவிடுகின்றன. சில நாள்களுக்குப் பின் பொரிந்து வரும் தலைப்பிரட்டைகள் நேரே கீழுள்ள நீரில் விழுகின்றன. நீரில் இட்ட முட்டைகளை மீன்களும் நீர்ப்பூச்சிகளும் தின்றுவிடும் ஆபத்திலிருந்து அந்த முதற்சில நாள்களாவது தப்பிக்கின்றன.

இறங்கவே இறங்காத தவளையும் உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். மர உச்சியின் விஷத்தவளை என்று இணையத்தில் தேடுபவர்கள் பலமுறை போய்ச் சேர்வது அதனிடம்தான். ட்ரேகிசெஃபாலஸ் ரெசினிஃபிக்ட்ரிக்ஸ் என்ற பால்தவளை அது. அச்சுறுத்தினால் தோலில் பால்போன்ற, பசைத்தன்மை கொண்ட நச்சுத் திரவம் வடியும் என்பதால் அப்பெயர். மழைநீர் தேங்கிய மரப்பொந்தில் ஆண் அமர்ந்து, நெடுந்தூரம் கேட்கும்படி இரவெல்லாம் குரல் எழுப்பும். பெண் வந்து அந்தப் பொந்துநீரிலேயே முட்டையிடும். பின்னர் ஆண் வேறொரு பெண்ணை அழைத்து, அவள் இடும் முட்டைகள் முதலில் பிறந்த தலைப்பிரட்டைகளுக்கு உணவாகும்படி செய்வதும் கவனிக்கப்பட்டிருக்கிறது. பிரேசிலின் பெலேம் நகர அருங்காட்சியகத்தை நடத்திய சுவிஸ் விலங்கியலாளர் எமில் கோயெல்டி 1907இல் இதை விவரித்தபோது, தவளையே மரப்பிசினைக் கொண்டுவந்து பொந்தின் உட்புறத்தைப் பூசுகிறது என்ற உள்ளூர் நம்பிக்கையை ஏற்று, பிசின் வேலை செய்பவள் என்ற பொருளில் பெயர் வைத்தார். பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது.

இலைத்தவளைக்குத் திரும்புவோம். பாம்பு, பறவை, குரங்கு என்று விதானத்தில் வேட்டையாடும் உயிர்கள் பல. தரைத்தவளை ஆபத்து வந்தால் நீரில் குதிக்கும். உச்சிக்கிளையில் இருப்பதற்குக் குதிக்க நீர் ஏது? தாவி ஓடும் வழக்கமும் இதற்கில்லை. மெதுவாக நடப்பதால் நஞ்சு தேவைப்பட்டதா, நஞ்சு இருப்பதால் மெதுவாக நடக்க முடிந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் முதுகுத்தோலில், குறிப்பாகக் கண்ணுக்குப் பின்னால் தடித்துத் தெரியும் பகுதியில், நுண்ணிய பைகளைப் போன்ற நச்சுச் சுரப்பிகள் நெருக்கமாகப் பதிந்துள்ளன. ஒவ்வொரு பையையும் மெல்லிய தசை உயிரணுக்களின் உறை சூழ்ந்திருக்கும். தவளை அச்சமுற்றாலோ காயமுற்றாலோ அத்தசை சுருங்கி, பையில் இருப்பதைத் தோலின் மேல் பிழிந்துவிடுகிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது தெளிவு வேண்டும். நச்சுக்காளானையும் நச்சுப்பாம்பையும் நாம் ஒரே அடைமொழியால் குறிக்கிறோம். ஒன்று, தின்றால் கொல்வது. மற்றது, தானே கடித்து நஞ்சை உள்ளே செலுத்துவது. இலைத்தவளை முதல் வகையைச் சேர்ந்தது. அதனிடம் நஞ்சைச் செலுத்தும் பல்லோ கொடுக்கோ இல்லை. தன்னை வாயில் வைத்த விலங்கைத்தான் அது தாக்க முடியும். இரண்டாம் வகையிலும் தவளைகள் உண்டு என்பது 2015இல்தான் வெளிப்பட்டது. பிரேசிலின் புட்டான்டன் நிறுவனத்தைச் சேர்ந்த கார்லோஸ் ஜாரெட், வறள்காட்டில் மரத்தவளை ஒன்றைப் பிடித்தபோது அதன் மேலுதட்டு முட்கள் கையில் குத்த, ஐந்து மணிநேரம் கடும் வலியால் துடித்தார். மண்டையோட்டிலிருந்து நீட்டும் எலும்பு முட்கள் நச்சுச் சுரப்பிகளைத் துளைத்து வெளிவருவதால் தலையால் முட்டியே அத்தவளை நஞ்சை ஏற்றிவிடுகிறது என்று அவருடைய குழு கண்டறிந்தது. மர உச்சி இலைத்தவளைக்கு இப்படி ஓர் ஆயுதம் கிடையாது.

அப்படியானால் அதன் நஞ்சு என்ன செய்கிறது? என் பார்வையில் இந்தத் தவளையின் கதையில் மிகவும் சுவையான பகுதி இதுதான். அம்புத் தவளையின் நஞ்சு உடலின் இயந்திரத்தை உடைக்கிறது. இலைத்தவளையின் நஞ்சு எதையும் உடைப்பதில்லை; நமது உடல் தன் உறுப்புகளுக்கு அனுப்பும் செய்திகளைப் போலவே பொய்ச்செய்திகளை, அளவுக்கு மீறிய எண்ணிக்கையில், ஒரே நேரத்தில் அனுப்புகிறது.

இதை வெளிக்கொணர்ந்ததில் பெரும்பங்கு இத்தாலிய மருந்தியலாளர் விட்டோரியோ எர்ஸ்பாமருக்கு உரியது (1909–1999). குடலில் அவர் கண்டெடுத்த பொருளே பிற்காலத்தில் செரட்டோனின் என்று அறியப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான தவளை இனங்களின் தோலைச் சேகரித்து, அதில் உள்ள செயற்பொருள்களைப் பிரித்து ஆராய்ந்தார். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலிலிருந்து 1960களில் அவருடைய குழு செருலீன் என்ற பெப்டைடைப் பிரித்தது. அது நமது குடல் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனின் இரட்டை என்னும்படி செயல்பட்டது. அதன் நெருங்கிய உறவான ஃபில்லோசெருலீன் இலைத்தவளைகளின் தோலில் உள்ளது. அதை விழுங்க முயலும் விலங்கின் வயிறும் குடலும் பித்தப்பையும் கணையமும், பெருவிருந்து உண்டதாகத் தவறாக எண்ணிக்கொண்டு, ஒருசேர இயங்கத் தொடங்கும். குமட்டலும் வாந்தியும் பேதியும் அதன் விளைவு. அதே தோலில் உள்ள ஃபில்லோகைனின், ஃபில்லோமெடுசின் என்ற பெப்டைடுகள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடுகின்றன.

சவாகின் என்ற பெப்டைடின் வரலாறு இன்னும் விந்தையானது. சாகோவின் சவாகி தவளையிடம் கண்டெடுக்கப்பட்ட இதில் 40 அமினோ அமிலங்கள் உள்ளன. 1981இல் அமெரிக்க விஞ்ஞானி வைலி வேல் தலைமையிலான குழு, செம்மறியாட்டு மூளையிலிருந்து, நெருக்கடி நேரத்தில் உடலை உசுப்பும் தலைமை ஹார்மோனின் அமைப்பைப் பல ஆண்டு முயற்சிக்குப் பின் வெளியிட்டது; பார்த்தால் அது சவாகினோடு ஏறத்தாழப் பாதி இடங்களில் ஒத்திருந்தது. பாலூட்டியின் மூளையில் தேடிக்கொண்டிருந்த பொருளின் உறவினர் அதற்கு முன்பே தவளைத் தோலில் கிடைத்திருந்தது. இத்தகைய பொருத்தங்கள் திரும்பத் திரும்பத் தென்பட்டதால்தான் மூளை, குடல், தவளைத் தோல் என்ற முக்கோணத்தைப் பற்றி எர்ஸ்பாமர் எழுதினார்: தவளைத் தோலில் ஒரு பெப்டைடு கிடைத்தால், அதன் இணை நமது மூளையிலோ குடலிலோ இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

வலி நீக்கும் பெப்டைடுகளும் அந்தக் கலவையில் உண்டு. 1981இல் சவாகியின் தோலிலிருந்து அறிவிக்கப்பட்ட டெர்மார்பின் ஏழே அமினோ அமிலங்களால் ஆனது. ஆனால் மூளையில் மார்பின் என்ற வலிநீக்கி மருந்து பற்றும் அதே ஏற்பிகளை (செய்தியை வாங்கும் புரதங்களை) அந்த மருந்தைவிடப் பல மடங்கு வலுவாகப் பற்றுகிறது. அதன் இரண்டாம் இடத்தில் நிற்கும் அலனின், விலங்குகளின் புரதங்களில் வழக்கமாகக் காணப்படும் இடக்கை வடிவத்தில் இல்லாமல் வலக்கை வடிவத்தில் இருந்தது வேதியியலாளர்களை மலைக்கவைத்தது. மரபணுவில் இருப்பது வழக்கமான வடிவத்துக்கான குறிப்பே என்றும், பெப்டைடு உருவான பிறகே அந்த ஓர் அமிலம் திருப்பப்படுகிறது என்றும் 1987இல் தெரியவந்தது. அவ்வாறு திருப்பிவிட்டதால் செரிமான நொதிகள் அதை எளிதில் வெட்டுவதில்லை. டெல்டார்பின் என்னும் உறவுப்பொருள்கள் 1989இல் நமது இலைத்தவளையிடமே கிடைத்தன. டெர்மார்பின் சோதனைக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பந்தயக் குதிரைகளுக்கு அதைக் கொடுத்திருந்தது 2012இல் பிடிபட்டது.

இந்தக் கலவையில் டெர்மாசெப்டின்கள் என்ற இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவை எதிரி விலங்கைக் குறிவைப்பவை அல்ல. பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் மேலுறையைக் குலைப்பவை. எப்போதும் ஈரமாக இருக்க வேண்டிய தோலுக்கு அது இன்றியமையாத காவல்.

பழங்குடியினர் இதைப் பயன்படுத்தும் முறையைப் பற்றிய கேள்விக்கு இப்போது பதில் சொல்வது எளிது. பெரு–பிரேசில் எல்லையில் வாழும் மட்சேஸ், பிரேசிலின் மேற்கு மூலையில் வாழும் கட்டுகினா, காஷினாவா போன்ற மக்கள் இந்தத் தவளையின் சுரப்பைக் காலங்காலமாகப் பயன்படுத்திவருகின்றனர். காஷினாவாக்களிடையே இவ்வழக்கத்தைப் பிரெஞ்சு மறைப்பணியாளர் கான்ஸ்டன்ட் டாஸ்டெவின் 1925இல் எழுதிவைத்தார். இன்று உலகெங்கும் புழங்கும் 'காம்போ' என்ற பெயர் இம்மக்களின் மொழிகளிலிருந்து வந்ததே. குரல் கேட்டு மரமேறித் தவளையைப் பிடித்து, நான்கு கால்களையும் நான்கு குச்சிகளில் விரித்துக் கட்டி, சீண்டிச் சுரக்கவைத்து, வழித்த திரவத்தை ஒரு மரப்பட்டையில் உலரவிடுகிறார்கள். பிறகு கங்குமுனையால் கையிலோ காலிலோ சிறு புள்ளிகளாகச் சுட்டு, மேல்தோலை நீக்கி, நீரில் குழைத்த சுரப்பை அந்தப் புண்ணில் வைக்கிறார்கள்.

சுடுவதன் தேவையை இங்கே கவனியுங்கள். பெப்டைடுகள் காயமில்லாத மனிதத் தோலைக் கடந்து செல்வதில்லை. தொட்டால் ஏன் சாவதில்லை என்ற உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான். புண் வழியே இரத்தத்தில் கலந்த சில நிமிடங்களில் முகம் சிவந்து வீங்கும், இதயம் படபடக்கும், அழுத்தம் சரியும், அடக்க முடியாத வாந்தியும் பேதியும் தொடரும். இந்தக் கடுமையான கட்டம் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்து, சோர்வும் உறக்கமும் வந்து, அதன்பின் புலன்கள் கூர்மையாகி, பசியும் களைப்பும் தெரியாமல் வேட்டையாட முடிகிறது என்கிறார்கள். வேட்டையில் தொடரும் துரதிர்ஷ்டத்தைக் களைவதே இதன் நோக்கம். மனமயக்கம் தரும் போதைப்பொருள் என்று இதைச் சிலர் நினைப்பது தவறு. இல்லாத உருவங்களை இது காட்டுவதில்லை. 1993இல் எர்ஸ்பாமரும் கூட்டாளிகளும் மட்சேஸ்களின் சுரப்பையே ஆராய்ந்து, அவர்கள் விவரித்த அறிகுறிகளில் பெரும்பாலானவற்றை மேலே சொன்ன பெப்டைடுகளோடு பொருத்திக் காட்டினர்.

நகரங்களில் 'நச்சு நீக்கம்' என்ற பெயரில் நடக்கும் காம்போ சடங்குகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடலிலிருந்து எந்த நஞ்சையும் அது நீக்குவதில்லை. வாந்தி வருவது குடலுக்குப் போன பொய்ச்செய்தியால்தான். சடங்குக்கு முன் குடம்குடமாகத் தண்ணீர் குடிக்கவைப்பதால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து வலிப்பு கண்டவர்கள் உண்டு; உயிரிழப்புகளும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. பிரேசில் 2004இல் இதை விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியா 2021இல் இதைத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தங்கள் அறிவு பிறரால் விற்கப்படுவதைக் கண்ட கட்டுகினா மக்கள், அதைக் காக்கும்படி 2003இல் பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைச்சகத்தை அணுகினர்.

காட்டில் இத்தவளையைக் காண நேர்ந்தால் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. தற்செயலாகக் கை பட்டுவிட்டால் கண்ணையோ வாயையோ கீறலையோ தொடாமல் சோப்பிட்டுக் கழுவினால் போதும்.

சுரப்பை வழித்தெடுத்த பின் தவளையைக் கொல்லாமல் அவிழ்த்துவிடுவது அம்மக்களின் வழக்கம். அது மெல்ல எழுந்து, ஒரு கையை நீட்டிக் கிளையைப் பற்றி, வந்த வழியே ஏறிப் போகும். ஆனால் காலியான சுரப்பிகள் அன்றைக்கே நிரம்பிவிடுவதில்லை. இத்தகைய தவளைச் சுரப்பிகளில் பெப்டைடுகள் மீண்டும் முழுமையாகச் சேர வாரக்கணக்கில் ஆகும். ஓடவும் தெரியாமல், குதிக்கவும் இடமில்லாமல், அதுவரை அது இலையோடு இலையாக ஒட்டிக் கிடந்துதான் பிழைக்க வேண்டும்.